எந்தக் கம்பத்தில் எவ்வளவு: யாழ்ப்பாணத்து மின்சாரத்துக்கு ஒரு வரைபடம்

உரும்பிராய்ப் பக்கம் ஒரு ஒழுங்கையை எடுத்துக்கொள்வோம். நீளம் ஒரு கிலோமீற்றர். ஒழுங்கை தொடங்கும் இடத்தில், பலாலி வீதியை ஒட்டி ஒரு ட்ரான்ஸ்போமர் நிற்கிறது. அங்கிருந்து 70 சதுர மில்லிமீற்றர் அலுமினியக் கம்பி, கம்பம் கம்பமாக உள்ளே போகிறது. நேரம் மாலை ஆறே முக்கால். விளக்கு வைத்தாயிற்று, ரைஸ் குக்கரில் சோறு வேகிறது, தொலைக்காட்சி ஓடுகிறது. மூன்று பேஸிலும், அதாவது மின்சாரம் வரும் மூன்று தனித்தனிக் கம்பிகளிலும், தலா 60 அம்பியர் ஓடுவதாக வைப்போம். கடைசி வீட்டுக்கு எத்தனை வோல்ற் போய்ச் சேரும்?

பள்ளிக்கூடத்துக் கணக்குத்தான். இந்தக் கம்பியின் தடை கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 0.44 ஓம். 60ஐ 0.44ஆல் பெருக்கினால் 26 வோல்ற் இறக்கம். ட்ரான்ஸ்போமரில் 230 வோல்ற் இருந்தால் கடைசியில் 204. இலங்கையில் வீடுகளுக்கான அளவு 230 வோல்ற், அதில் 6 சதவீதம் கூடலாம் குறையலாம் என்பது விதி. அதாவது 216க்குக் கீழே போகக் கூடாது. 204 என்றால் மின்குமிழ் மங்கும், குளிர்சாதனப் பெட்டி உறுமும், கிணற்று மோட்டர் இழுக்க முடியாமல் சூடாகும்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு விசயத்தை நான் சொல்லாமல் விட்டேன். அந்த 60 அம்பியரும் ஒழுங்கையின் கடைசியில் செலவாகிறது என்று எடுத்துக்கொண்டுதான் 26 வோல்ற் வந்தது. அதே 60 அம்பியரை ஒழுங்கை நெடுக வீடு வீடாகப் பிரித்து விட்டால் இறக்கம் பாதி, 13 வோல்ற். கடைசி வீட்டில் 217 இருக்கும், விதிக்குள் மட்டுமட்டாக வந்துவிடும். கம்பியில் சூடாகி வீணாகும் மின்சாரமும் அப்படியே குறையும். முதலாவது நிலைமையில் கிட்டத்தட்ட 5 கிலோவாற் கம்பியிலேயே கரைகிறது. இரண்டாவதில் அது மூன்றில் ஒரு பங்கு. இனி ட்ரான்ஸ்போமரை ஒழுங்கையின் நடுவுக்கு நகர்த்திப் பாருங்கள். இரண்டு பக்கமும் 500 மீற்றர், ஒவ்வொரு பக்கமும் 30 அம்பியர். இறக்கம் 3 வோல்ற் சொச்சம்தான்.

வீடுகள் அதே வீடுகள், கம்பி அதே கம்பி, பயன்படும் மின்சாரமும் அதே அளவு. இடம் மட்டும் மாறியது. எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று கேட்பவர், எங்கே என்றும் சேர்த்துக் கேட்காவிட்டால் அவர் கையில் இருப்பது அரைக் கணக்கு. மின் விநியோகத்தில் வரைபட மென்பொருளுக்கு வேலை வருவது இந்த இடத்தில்தான்.

இந்த மென்பொருளுக்குப் பெயர் புவியியல் தகவல் முறைமை. பெயரைக் கேட்டவுடன் பலர் மனதில் வருவது கைபேசியில் வழி காட்டும் வரைபடம். மின்சாரத்துக்கு வேண்டியது அதுவல்ல. கம்பம், ட்ரான்ஸ்போமர், மின்மானி எல்லாம் புள்ளிகள். கம்பிகள் கோடுகள். கிராம அலுவலர் பிரிவுகள் பரப்புகள். யாழ் மாவட்டத்தில் அவை 435. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு அட்டவணை உண்டு: கம்பம் மரமா கொங்கிறீற்றா, கம்பியின் தடிமன் என்ன, ட்ரான்ஸ்போமர் தாங்கும் அளவு 100 கேவிஏயா 160 கேவிஏயா (ஏறக்குறைய கிலோவாற் மாதிரி ஒரு அளவு), எந்த ஆண்டு வைத்தது. இவ்வளவையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்கலாம். சரி, ஆனால் இதுவரைக்கும் அது அழகான படம் மட்டும்தான்.

படத்துக்கு உயிர் வருவது தொடுப்பில். ஒரு சந்தியில் 33 கிலோவோல்ற் கம்பி மேலால் போகிறது, வீட்டுக் கம்பி கீழால் போகிறது. தாளில் பார்த்தால் இரண்டு கோடும் வெட்டுகின்றன. உண்மையில் அவற்றுக்கு ஒரு தொடர்பும் இல்லை. இன்னொரு இடத்தில் இரண்டு கோடுகள் தாளில் முட்டிக்கொண்டு நிற்கும், நடுவில் இருக்கும் சுவிட்ச் திறந்திருக்கும், மின்சாரம் ஓடாது. எது எதோடு தொடுத்திருக்கிறது, எந்த சுவிட்ச் வழமையில் திறந்திருக்கும், எது மூடியிருக்கும் என்பதை மென்பொருளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால், சுன்னாகம் உபமின்நிலையத்தில் இருந்து புறப்படும் ஒரு பீடரை, அதாவது ஒரு பெரிய விநியோகக் கம்பியை, பிடித்துக்கொண்டு கடைசி வீட்டு மின்மானி வரை அது தானே நடந்து போகும். எதிர்ப் பக்கமாகவும் நடக்கும்: இந்த வீட்டுக்கு எந்தக் கம்பத்தில் இருந்து, எந்த ட்ரான்ஸ்போமரில் இருந்து, எந்த பேஸில் இருந்து மின்சாரம் வருகிறது என்று.

இந்தக் கடைசி வரி எழுத எளிது. களத்தில்தான் அதன் பாரம் தெரியும். ஒரு முறை கைபேசியும் அப்பியாசக் கொப்பியுமாக ஒரு ஒழுங்கை முழுக்க நடந்து பார்த்தேன். கம்பங்களைப் புள்ளி போடுவது சுகமான வேலை. சிக்கல் கம்பத்தில் இருந்து வீட்டுக்குப் போகும் கம்பியில். பூவரசு வேலி உயர்ந்து நிற்கிறது, அதற்கு மேல் மாமரம், அதற்குள் கம்பி மறைந்துவிடுகிறது. ஒரு வீட்டை முன்னால் நிற்கும் கம்பத்தோடு சேர்த்து எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போகப் பார்த்தேன். பக்கத்து வளவில் முற்றம் கூட்டிக்கொண்டு நின்ற அம்மா சொன்னார்: “தம்பி, அந்த வீட்டுக்குக் கரண்ட் இங்கால வரேல்லை. பின் ஒழுங்கையால வருது. காணியைப் பிரிச்ச நேரம் மாத்தினவை.” போய்ப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. முன் ஒழுங்கைக் கம்பி ஒரு ட்ரான்ஸ்போமரில் இருந்து வருகிறது, பின் ஒழுங்கைக் கம்பி வேறொன்றில் இருந்து. நான் தவறாக எழுதியிருந்தால் ஒரு வீட்டின் பாவனை முழுவதும் தப்பான ட்ரான்ஸ்போமரின் கணக்கில் ஏறியிருக்கும். ஒரு வீடு என்றால் பரவாயில்லை. காணி பிரிக்கும்போது, புது ட்ரான்ஸ்போமர் வரும்போது, புயலில் அறுந்த கம்பியை இரவோடு இரவாக இழுத்துக் கட்டும்போது இப்படி ஒவ்வொன்றாக மாறி மாறி, சில ஆண்டுகளில் பதிவேடு ஒரு ஊரையும் கம்பி வேறொரு ஊரையும் காட்டத் தொடங்கிவிடும். வரைபடம் செய்வதைவிட அதைப் பேணுவது கடினமான வேலை, செலவும் அதில்தான் அதிகம்.

இடையில் ஒரு தொழில்நுட்பச் செய்தி. இலங்கையில் நில அளவைக்கு இரண்டு ஆள்கூற்று முறைகள் புழக்கத்தில் உண்டு. பழையது கந்தவளை, புதியது 1999இல் வந்தது. இரண்டுக்கும் பீதுருதாலகால மலைதான் தொடக்கப் புள்ளி. பழையதில் அந்தப் புள்ளியின் கிழக்கு, வடக்கு எண்கள் இரண்டும் 2,00,000 மீற்றர், புதியதில் 5,00,000. கைபேசி தருவதோ உலகப் பொது முறையில் வரும் அகலாங்கு, நெட்டாங்கு. பழைய வரைபடத்தில் இருந்து எடுத்த கம்பங்களையும் கைபேசியில் எடுத்த கம்பங்களையும் ஒரே முறைக்குச் சரியாக மாற்றாமல் ஒன்றாகப் போட்டால் நூறு மீற்றருக்கு மேல் விலகும். யாழ்ப்பாணத்தில் நூறு மீற்றர் என்பது அடுத்த ஒழுங்கை. வேறு இடத்தில் இது சின்னப் பிழையாக இருக்கலாம். எங்கள் குடியிருப்பு நெருக்கத்தில் இது ட்ரான்ஸ்போமரையே மாற்றிவிடும் பிழை.

தொடுப்புச் சரியாக இருந்தால் கரண்ட் பில்லே தரவாக மாறும். ஒவ்வொரு ட்ரான்ஸ்போமரிலும் தனி மானி வைத்து கால் மணிக்கு ஒரு முறை அளப்பது நல்லதுதான், ஆனால் எல்லா இடத்திலும் அது இருக்காது. மாதாந்த யூனிற் கணக்கு எல்லா வீட்டுக்கும் உண்டு. ஒரு ட்ரான்ஸ்போமரில் 120 வீடுகள், வீட்டுக்குச் சராசரி 90 யூனிற் என்று வைப்போம். மாதத்துக்கு 10,800 யூனிற். மாதத்தின் 720 மணித்தியாலத்தால் வகுத்தால் சராசரிச் சுமை 15 கிலோவாற். ஆனால் யாரும் இரவு இரண்டு மணிக்குச் சோறு சமைப்பதில்லை. இலங்கையில் உச்ச நேரம் மாலை 6.30இல் இருந்து இரவு 10.30 வரை. சராசரிக்கும் உச்சத்துக்கும் உள்ள விகிதம் 0.4 என்று எடுத்தால் உச்சச் சுமை 37.5 கிலோவாற். 100 கேவிஏ ட்ரான்ஸ்போமருக்கு இது பாதி வயிறும் நிறையாத சாப்பாடு.

அப்புறம் அந்த ஒழுங்கையில் 20 வீடுகள் ஏசி பூட்டுகின்றன. ஒன்று 1.2 கிலோவாற் வீதம், எல்லாம் ஒரே நேரம் ஓடினால் இன்னும் 24 கிலோவாற். மொத்தம் 61.5. அப்போதும் ட்ரான்ஸ்போமர் தாங்கும். ட்ரான்ஸ்போமரை மட்டும் அளந்து பார்ப்பவர் ஒரு குறையும் இல்லை என்றுதான் சொல்வார். ஆனால் புது வீடுகள் பெரும்பாலும் எங்கே எழும்புகின்றன? பழைய குடிமனைகளுக்கு அப்பால், தோட்டக் காணியைப் பிரித்த இடத்தில், ஒழுங்கையின் கடைசியில். அந்த 20 ஏசியும் அங்கே இருந்தால் கம்பிதான் திணறும். அதோடு அவற்றில் முக்கால்வாசி ஒரே பேஸில் தொடுக்கப்பட்டிருந்தால், சமன் கெட்டு நடுநிலை (நியூட்ரல்) கம்பியிலும் மின்சாரம் திரும்பி ஓடி இறக்கத்தை இன்னும் கூட்டும். வரைபடத்தில் சுமையை நிறம் போட்டுப் பார்த்தால் இது ஒரு கணத்தில் கண்ணில் படும். பதிவேட்டு வரிசையில் பார்த்தால் படவே படாது.

இது இன்றைய சுமை. நாளைய சுமையைக் கணிப்பது வேறு சங்கதி. எனக்கு இந்த விசயத்தில் ஆர்வம் பிறந்ததும் அங்கேதான், ஏனென்றால் எந்தப் பாடப்புத்தக முறையும் யாழ்ப்பாணத்துக்கு அப்படியே பொருந்தாது.

கடந்த 20, 30 ஆண்டுப் பாவனையைக் கோடாக வரைந்து, அதே சாய்வில் நீட்டிவிடுவது வழமையான முறை. எங்களுக்கு அந்தக் கோடு எங்கே? 1990இல் திரும்பவும் மூண்ட போரோடு குடாநாடு தேசிய மின்வலையில் இருந்து அறுந்தது. அந்த ஆண்டுகளில் வளர்ந்தவர்களுக்கு மின்சாரம் என்றால் ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் பஞ்சு, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய், அதுவும் மண்ணெண்ணெய் கிடைத்தால். சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றி வானொலி கேட்டார்கள். பிறகு பல ஆண்டுகள் டீசல் மின்பிறப்பாக்கிகளே கதி. 2013 ஜனவரியில் சுன்னாகத்தில் 24 மெகாவாற் உத்துரு ஜனனி மின்நிலையம் வந்தது. அந்தக் காலப்பகுதியிலேயே வவுனியா, கிளிநொச்சி வழியாக சுன்னாகத்துக்கு 132 கிலோவோல்ற் கம்பியும் வந்து, குடாநாடு மீண்டும் நாட்டின் மின்வலையோடு சேர்ந்தது. ஆகவே பழைய பதிவுகளில் இருப்பது மக்களின் தேவை அல்ல, கிடைத்ததன் அளவு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கோடு போட்டால் வருவது பொய்க் கோடு.

சனத்தொகையும் அப்படியே. 1981 குடிசன மதிப்பீட்டில் யாழ் மாவட்டத்தில் ஏழு லட்சத்துக்கு மேல் மக்கள். 1991இல் நாட்டில் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2001இல் வடக்கில் அது முழுமையாக நடக்கவில்லை. 2012இல் எடுத்தபோது ஆறு லட்சத்துக்கும் குறைவு. 31 ஆண்டு இடைவெளியில் இரண்டே புள்ளிகள், அதுவும் இறங்குமுகம். வேறு மாவட்டங்களில் சனம் கூடக் கூட மின்சாரம் கூடும் என்று கணக்குப் போடலாம். இங்கே சனம் குறைந்து, மின்சாரம் கூடியிருக்கிறது.

இந்த மாதிரி இடத்துக்குப் பொருத்தமான வழி, மாவட்டத்தை ஒரு எண்ணாகப் பார்க்காமல் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தின் வளர்ச்சியையும் தனியாகப் பார்ப்பது. பரந்த பிரதேசத்தின் சுமை மெல்ல, சீராகக் கூடுவது போலத் தெரியும். ஆனால் அரைக் கிலோமீற்றர் கட்டம் ஒன்றுக்குள் பார்த்தால் வளர்ச்சி அப்படி இல்லை. பல காலம் ஒன்றும் நடக்காது. பிறகு சில ஆண்டுகளுக்குள் மளமளவென்று ஏறும். காணி எல்லாம் வீடாகிவிட்டதும் ஏற்றம் தணிந்துவிடும். கிடையாகப் படுத்து, எழும்பி, மறுபடி படுக்கும் வளைவு. எந்தக் கட்டம் வளைவின் எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் கணிப்பின் பாதி வேலை.

வலிகாமம் வடக்கைப் பாருங்கள். 1990இல் மக்கள் வெளியேறிய ஊர்கள். உயர் பாதுகாப்பு வலயமாக இருந்து, போருக்குப் பிறகு துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டவை. விடுவிக்கப்பட்ட அன்று மின் பாவனை பூச்சியம். பூச்சியத்தில் இருந்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வளர்கிறது என்று கேட்பதற்கே பொருள் இல்லை. அதற்குப் பதிலாக, முழுமையாகக் குடியேறிய, அதே தொழில் செய்கிற ஒரு ஊரைக் கண்ணாடியாக வைத்துக்கொள்ளலாம்: இந்த ஊர் முற்றாக எழும்பினால் அந்த ஊர் அளவுக்கு வரும் என்று. கண்ணாடியைத் தெரிவுசெய்வதில்தான் ஊர் தெரிந்தவர் வேண்டும். மயிலிட்டிக்கு அண்மையில் இருப்பது என்று அளவெட்டியை எடுத்தால் பிழைத்துப் போகும். அளவெட்டி தோட்டமும் கிணறுமான ஊர். மயிலிட்டி துறைமுகம். மீன் இருந்தால் ஐஸ் வேண்டும், ஐஸ் இருந்தால் இரவு பகல் ஓயாத மோட்டர் வேண்டும். வல்வெட்டித்துறையோ பருத்தித்துறையோதான் அதற்குப் பக்கமாக வரும்.

இரண்டாவது சிக்கல் ஆள் இல்லாத வீடுகள். செய்மதிப் படத்தில் கூரைகளை எண்ணி வீட்டுத்தொகை எடுப்பது இன்று எளிதாகிவிட்டது. கட்டடங்களின் உருவரையை இலவசமாகத் தருகிற தரவுத் தொகுப்புகளும் உண்டு. ஆனால் கூரைக்குக் கீழே ஆள் இருக்கிறாரா என்று செய்மதிக்குத் தெரியாது. எங்கள் ஊர்களில் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சூரிச்சிலும், வீடு இங்கே பூட்டியபடி. பெரிய வீடு, மூன்று பேஸ் இணைப்பு, நாலு ஏசி, மாதத்துக்கு ஐந்து யூனிற். கூரையை எண்ணினால் சுமை கூடிப் போகும். பில்லை மட்டும் பார்த்தால் குறைந்து போகும். ஏனென்றால் ஆடி, ஆவணியில் அங்கே பள்ளி விடுமுறை, இங்கே நல்லூர்த் திருவிழா. பூட்டிய வீடெல்லாம் ஒரே கிழமையில் திறக்கும். நாலு ஏசியும் ஓடும், கலியாணம் ஒன்றும் சேர்த்து நடக்கும். அதே 25 நாளும் நல்லூரைச் சுற்றிய வீதிகளில் கடைகளும் தண்ணீர்ப் பந்தல்களும் அலங்கார விளக்குகளும். ஆண்டுச் சராசரியில் இது கரைந்து காணாமல் போகும். கம்பியோ சராசரியைச் சுமப்பதில்லை, அந்த இரவைத்தான் சுமக்கிறது. ஆகவே யாழ்ப்பாணத்துக்குச் சுமை கணிப்பவர் மேசையில் பஞ்சாங்கமும் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எந்தக் கோயில் கொடியேற்றம் எப்போது என்பது இங்கே பொறியியல் தகவல்.

தோட்ட இறைப்புக்கும் ஒரு காலக்கணக்கு உண்டு. ஐப்பசியில் மழை தொடங்கி மார்கழி வரை மோட்டருக்கு வேலை இல்லை. மாசிக்குப் பிறகு கோப்பாய், நீர்வேலி, புன்னாலைக்கட்டுவன் செம்மண்ணில் காலையில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைப்பு. மோட்டர் ஸ்ராட் ஆகும் கணத்தில் வழமையைவிட ஐந்தாறு மடங்கு அம்பியர் இழுக்கும். கிணறுகளை வரைபடத்தில் ஒரு அடுக்காகச் சேர்த்தால், காலை ஆறு மணிக்கு எந்த பீடரில் வோல்ற்றேஜ் தளும்பும் என்று முன்கூட்டியே தெரியும்.

எந்த வளைவும் எந்தப் பஞ்சாங்கமும் சொல்லாத சுமைகளும் வரும். வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் அதன் கொள்ளளவு. இந்த முறையில் ஒரு கன மீற்றர் நன்னீருக்குப் பொதுவாக 3 முதல் 4 யூனிற் மின்சாரம் போகும். முழுக் கொள்ளளவில் ஓடினால் நாளைக்கு 72,000 முதல் 96,000 யூனிற் வரை. அதாவது 3 முதல் 4 மெகாவாற் சுமை, இரவும் பகலும். மாதம் 90 யூனிற் வீடுகளாகக் கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட 24,000 முதல் 32,000 வீடுகளுக்குச் சமம், அதுவும் ஆட்கள் ஐதாக வாழ்கிற ஒரு கரையோரத்தில் ஒரே புள்ளியில். பழைய பாவனையை எவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்தாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. தண்ணீர்த் திட்டத்தின் கோப்பைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே தெரியும். நீர் வழங்கல், வீதி, மீன்பிடி, நகர அபிவிருத்தி என்று ஒவ்வொரு துறையும் தன் திட்டத்தை அதே வரைபடத்தில் ஒரு புள்ளியாகப் போட்டாலே போதும், மின் கணிப்பின் பெரிய பிழைகள் பாதி குறையும். இதற்கு மென்பொருளைவிடப் பேச்சுவார்த்தைதான் வேண்டும்.

கணக்கைக் கடைசியாகப் புரட்டிப் போட்டது கூரைச் சூரியகலம். இதுவரை மின்சாரம் ட்ரான்ஸ்போமரில் இருந்து வீட்டுக்குத்தான் போனது. இப்போது மதியத்தில் வீட்டில் இருந்து திரும்பி வருகிறது. ஒரு ஒழுங்கையில் பத்து வீடுகள், தலா 5 கிலோவாற் பலகை. நல்ல வெயிலில் 50 கிலோவாற். மதியம் அந்த ஒழுங்கையின் தேவை 12 கிலோவாற்தான் என்றால் மிச்சம் 38 கிலோவாற் மேல்நோக்கி ஓடும். மின்சாரம் எதிர்த் திசையில் ஓடும்போது வோல்ற்றேஜும் எதிராக நடக்கும். கடைசி வீட்டில் இறங்குவதற்குப் பதிலாக ஏறும். 244 வோல்ற்தான் மேல் எல்லை. அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், பலகையின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேட்டர் தானே நின்றுவிடும், வீட்டுக்காரருக்கு வருமானம் போகும். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடி, நாட்டின் தேவை விழுந்தபோது, பகலில் கூரைச் சூரியகலங்களை நிறுத்தி வைக்கும்படி பாவனையாளர்களிடம் கேட்க வேண்டி வந்தது. அது நாடளாவிய பிரச்சினை. ஒழுங்கை மட்டத்தில் அதே பிரச்சினை எந்தச் சாதாரண ஞாயிற்றுக்கிழமையிலும் வரலாம்.

ஒரு ட்ரான்ஸ்போமருக்குக் கீழே இன்னும் எத்தனை கிலோவாற் சூரியகலம் பொருத்தலாம் என்பதும் இட விசயமே. ட்ரான்ஸ்போமருக்குப் பக்கத்து வீட்டுக்கு 10 கிலோவாற் கொடுப்பதும் ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள வீட்டுக்கு 10 கிலோவாற் கொடுப்பதும் ஒன்றல்ல. இந்த அளவை வரைபடத்தில் பொதுவில் வெளியிட்டால், ஒருவர் கடன் எடுத்து, பலகை வாங்கி, பிறகு விண்ணப்பம் போட்டு, இடமில்லை என்ற பதிலைக் கேட்டு நிற்கும் நிலை வராது. முதலே பார்த்துவிட்டு முடிவெடுப்பார்.

தீவுகளுக்குக் கணக்கு வேறு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளி, காற்று, மின்கலம், டீசல் நான்கையும் கலந்த முறைக்கு இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. மூன்றுக்கும் சேர்த்து 1,700 கிலோவாற் சூரியகலம், 530 கிலோவாற் காற்றாலை, 2,400 கிலோவாற் மணித்தியால மின்கலம், பக்கபலமாக 2,500 கிலோவாற் டீசல். பெரிய மின்வலையில் ஒரு திருவிழா ஒரு மூலையின் பிரச்சினை. நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயில் திருவிழா என்றால் அது முழுத் தீவின் பிரச்சினை. அங்கே கணிப்புப் பிழைத்தால் விளைவு அன்றிரவே தெரியும், மின்கலம் விடிவதற்கு முன் தீர்ந்துவிடும்.

இதற்கெல்லாம் கோடிக்கணக்கில் மென்பொருள் வேண்டுமா என்று கேட்டால், தொடங்குவதற்கு வேண்டாம். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம். அதில் வரைந்த கம்பிகளை, அமெரிக்க மின்சக்தி ஆய்வு நிறுவனம் 2008இல் திறந்த மூலமாக வெளியிட்ட ஓப்பன்டிஎஸ்எஸ் மென்பொருளில் ஏற்றினால் மணிக்கு மணி வோல்ற்றேஜ், இழப்பு, பேஸ் சமநிலை எல்லாம் கணித்துத் தரும். ஒரு பட்டதாரி மாணவரால் ஒரு மடிகணினியில் ஒரு பீடரைச் செய்ய முடியும். பெரிய நிறுவனத்துக்கு, பல நூறு பேர் ஒரே நேரம் திருத்தும் தரவுக்கு, காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் தேவைப்படலாம். ஆனால் தப்பாகத் தொடுத்த வீட்டை எந்த விலை மென்பொருளும் தானாகக் கண்டுபிடிக்காது. மின்மானி வாசிப்பவரும் லைன்மனும் தினமும் போய் வருகிறவர்கள். அவர்கள் கையில் உள்ள கைபேசியில் இரண்டு தட்டில் திருத்தம் அனுப்பும் வசதி இருந்தால், அது வருடத்துக்கு ஒரு முறை செய்யும் பெரிய கணக்கெடுப்பைவிட நல்லது.

ஒரு எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். வீட்டு மட்டத்தில் மாதாந்தப் பாவனையைப் போட்ட வரைபடம், எந்த வீடு எத்தனை மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது என்பதையும் காட்டிவிடும். அது திருடனுக்குக் கிடைத்த பட்டியல். எங்கள் ஊரில் இது கற்பனைப் பயம் அல்ல. வெளிநாட்டுக்காரர் வீடுகள் எங்கும் இருக்கின்றன. ஆகவே பொதுமக்களுக்கு வெளியிடும்போது வீடு வீடாக அல்ல, ட்ரான்ஸ்போமர் அளவில் கூட்டியே கொடுக்க வேண்டும். திட்டமிடுவோருக்கும் வீட்டுக்காரரின் பெயர் தேவையில்லை. மின்மானி எந்தக் கம்பத்தில், எந்த பேஸில் என்று தெரிந்தால் போதும்.

நான் நடந்த அந்த ஒழுங்கையின் அட்டவணையில் இப்போது இரண்டு பத்திகள் கூடுதலாக இருக்கின்றன. ஒன்று, “கம்பி எந்தப் பக்கத்தால்”. மற்றது, “ஆவணியில் ஆள் வருமா”. இரண்டாவதை நிரப்பும்போது பெரும்பாலான வீடுகளுக்குப் பக்கத்து வீட்டாரிடம்தான் கேட்டேன். அவர்கள் யோசிக்காமலே சொன்னார்கள்: இந்த வீட்டுக்காரர் போன வருசம் வந்தவர், இந்த வருசம் மகளின் கலியாணம், அதனால் கட்டாயம் வருவார், மேல்மாடிக்கு இரண்டு புது ஏசியும் பூட்டியாயிற்று. அதையும் எழுதிக்கொண்டேன். அந்த வீடு நிற்பது கடைசிக்கு முன் கம்பத்தில்.